சந்தக்பூ: நேபாள எல்லைக் கோட்டின் மேலேயே நடந்து போகும் வழி (முழுமையான வழிகாட்டி)

சந்தக்பூ சிகரத்துக்குப் போகும் வழியிலுள்ள தும்லிங் என்ற ஊரில் இரவு அலாரம் வைக்கும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். படுக்கையில் இந்தப் பக்கம் புரண்டால் போனில் மணி எட்டு. அந்தப் பக்கம் புரண்டால் எட்டேகால். இந்தியக் கோபுரத்தின் சிக்னலும் நேபாளக் கோபுரத்தின் சிக்னலும் மாறி மாறி வந்து விழுகிற இடம் அது. நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தியது. சூரிய உதயம் பார்க்க வந்தவருக்குக் கால் மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. ஆகவே முதல் குறிப்பே இதுதான்: போனில் நேரம் தானாக மாறும் வசதியை, நடை தொடங்கும் ஊரான மானேபஞ்சனிலேயே நிறுத்திவிடுங்கள். கையோடு ரோமிங்கையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டுக்குப் போனதாகக் கணக்குப் போட்டு பில் வந்து நிற்கும்.

வெளிநாட்டுக்குப் போனது உண்மையும்தான். மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்துக்கும் நேபாளத்தின் இலாம் மாவட்டத்துக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது சிங்கலீலா மலைத்தொடர். அதன் முகடுதான் எல்லை. சந்தக்பூவுக்குப் போகும் பாதையும் அதே முகட்டில்தான் போகிறது. டீ குடிப்பது நேபாளத்தில், சிறுநீர் கழிப்பது இந்தியாவில் என்று ஒரு நாளில் பத்து முறை நாடு மாறுவீர்கள். வேலி கிடையாது. ஆங்காங்கே புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நிற்கும், அவ்வளவுதான். இரு நாட்டு மக்களும் தடையில்லாமல் வந்து போக 1950ஆம் ஆண்டு ஒப்பந்தம் வழி செய்திருப்பதால் இது சாத்தியமாகிறது.

சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர். மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். நம் கணக்கில் சொன்னால், தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடிக்கு மேல் இன்னும் 940 மீட்டர் அடுக்க வேண்டும். ஆனால் இது கயிறும் கோடாலியும் கேட்கிற சிகரம் இல்லை, கால் இருந்தால் போதும். கூட்டம் இங்கே வருவது சிகரத்துக்காகவும் இல்லை. உலகின் ஐந்து உயரமான மலைகளில் கே2 தவிர மற்ற நான்கும் (எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு) இங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். சந்தக்பூ ஒரு மாடிமுற்றம். எதிர்வீடுதான் விசேஷம்.

அந்த எதிர்வீடு எல்லா நாளும் கதவைத் திறக்காது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே நாளில் ஜீப்பில் ஏறி, ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை மேகத்தைப் பார்த்துவிட்டு முகம் தொங்க இறங்குகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் யோசனை ஒன்றே ஒன்று: நடந்து போங்கள், உச்சியில் இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். கீழே வரும் திட்டமெல்லாம் அதை வைத்துத்தான்.

எந்த மாதம்

ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை சிங்கலீலா தேசியப் பூங்கா மூடியிருக்கும்; அந்த மழையில் அட்டைகள்தான் உங்களை வரவேற்கும். மிச்ச மாதங்களில் மலை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை. பூ வேண்டும் என்பவர்களுக்கு ஏப்ரல். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. ஏப்ரலில் குராஸ் மரங்கள் (ரோடோடென்ட்ரான் என்று புத்தகத்தில் படித்தது) சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும். நீலகிரிச் சோலைகளில் பூக்கும் காட்டுப்பூவரசின் சொந்தக்காரன்தான் இது. ஆனால் அப்போது காலை ஒன்பது மணிக்கே மேகம் ஏறிவிடும். மார்ச்சில் வானம் புழுதி படிந்தாற்போல் மங்கிக் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பனி விழ வாய்ப்பு உண்டு. பனியைப் பார்க்க ஆசை என்றால் போகலாம், ஆனால் பாதை உறைந்து வழுக்கும், சந்தக்பூவைத் தாண்டியுள்ள பாலுத் வரை போக முடியாமல் திரும்ப நேரலாம்.

நான் போனது நவம்பர் நடுவில். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது, பகலில் வெயிலில் டி-ஷர்ட்டோடு நடக்க முடிந்தது. மறுபடியும் போனால் அதே மாதம்தான்.

உடம்பைத் தயார் செய்வது

நாள் ஒன்றுக்குச் சராசரி 13 கிலோமீட்டர், ஒருநாள் மட்டும் 21. ஓட்டப்பந்தய வீரராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் நான்கு நாள் வேகநடை, மாடிப்படி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை. கோவைக்காரர்களுக்கு வெள்ளியங்கிரி திறந்திருக்கும் மாதங்களில் அதைவிடப் பெரிய பயிற்சி இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பர்வதமலை. முக்கியமாக, வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு முதுகில் ஆறு ஏழு கிலோ சுமந்து ஏறிப் பழகுங்கள். ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முட்டி வேண்டும். இந்தப் பயணத்தில் பெரும்பாலானவர்களைப் படுத்துவது முட்டிதான். கடைசி இரண்டு நாள் ஏறக்குறைய முழுக்க இறக்கம்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் உயரமான இடங்களில் காற்று குறைவதால் வரும் நோய்க்குக் கொடுக்கும் டயமாக்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது. நண்பர் சாப்பிட்டார் என்று நீங்களும் வாங்கி விழுங்குகிற மாத்திரை இல்லை அது.

காகிதமும் காசும்

வாக்காளர் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், அசல். ஆதாரும் இருக்கட்டும், ஆனால் நேபாளத்துக்குள் போக இந்தியர்களுக்கு முறையான ஆவணம் முதலில் சொன்ன இரண்டும்தான். இரண்டு மூன்று நகல்களும் பாஸ்போர்ட் அளவு போட்டோக்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எல்லைக் காவலர்களான சஷஸ்திர சீமா பல் முகாம்கள் வரும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, அட்டை காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். முகாமைப் போட்டோ எடுக்காதீர்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவோடு அசலைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். மானேபஞ்சனில் பதிவு செய்த பிறகே மேலே போகலாம்.

மேலே ஏ.டி.எம். கிடையாது. சிக்னல் வந்தால்தான் போனில் பணம் அனுப்ப முடியும், சிக்னல் வருவது அதன் இஷ்டம். மலையடிவார நகரமான சிலிகுரியிலேயே பணம் எடுத்து, பாதியை நூறு ரூபாய்த் தாளாக மாற்றிக்கொள்ளுங்கள். நேபாளப் பக்கத்து விடுதிகளிலும் நம் ரூபாயை வாங்கிக்கொள்வார்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான கணக்கு, விலை கேட்கும்போது "ஐ.சி.யா, என்.சி.யா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் காசா, நேபாளக் காசா என்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

மானேபஞ்சன் வரை

ரயில் என்றால் இறங்க வேண்டியது நியூ ஜல்பைகுரி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம் வழியாக வந்து அங்கே நிற்கிறது. நேரம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இல்லாதவர்களுக்குக் கொல்கத்தா வழியாக பாக்டோக்ரா விமானம்.

நியூ ஜல்பைகுரியிலிருந்து மானேபஞ்சனுக்குச் சுமார் 90 கிலோமீட்டர், மிரிக், சுக்கியாபொக்ரி வழியாக நான்கு மணி நேரம். தனி வண்டி பிடிக்கலாம். சிக்கனமாகப் போக, டார்ஜிலிங் போகும் ஷேர் ஜீப்பில் ஏறி கூம் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து சுக்கியா, சுக்கியாவிலிருந்து மானேபஞ்சன் என்று மாறி மாறிப் போகலாம். மதியம் இரண்டுக்கு மேல் ஆகிவிட்டால் இந்த வித்தை பலிக்காது, மலையில் வண்டிகள் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

மானேபஞ்சன் ஒரே ஒரு கடைத்தெரு. நடுவே ஓடும் ஓடை எல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நேபாளக் கடைகள். இரவு இங்கே தங்கி, மாலையிலேயே வழிகாட்டிகள் சங்க அலுவலகத்தில் ஆளை ஏற்பாடு செய்துவிடுங்கள். பூங்காவுக்குள் போக வழிகாட்டி கட்டாயம். நாள் சம்பளம் எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் அதில் சேர்ந்ததா என்பதைப் பேசி முடிவு செய்து எழுதி வாங்குங்கள். பாதை தெரியும், வழிகாட்டி எதற்கு என்று நானும் நினைத்தேன். மேகத்துக்குள் மூன்று அடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் நின்றபோது அந்த நினைப்பு போய்விட்டது.

வண்டியா, நடையா

இந்த ஊரின் அடையாளமே பழைய லேண்ட் ரோவர்கள். 1950களில் செய்தவை, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனவற்றைப் பட்டறையிலேயே உதிரிபாகம் அடித்து அடித்து இன்றுவரை ஓட்டுகிறார்கள். முன்பு சந்தக்பூ வரை வெறும் பாறாங்கல் பாதை, இந்த வண்டியைத் தவிர எதுவும் ஏறாது. இப்போது கான்கிரீட் போட்டுவிட்டதால் பொலீரோக்களும் ஏறுகின்றன. 31 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் கொண்டு போய் விட்டுவிடுவார்கள்.

அதுதான் ஆபத்தும். காலையில் சிலிகுரியில், கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டரில் இட்லி தேடிக்கொண்டிருந்தவர், மாலையில் 3,636 மீட்டரில் நிற்பார். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்; பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பருப்புக்கே அந்த நிலைமை என்றால் ரத்தத்துக்கு எப்படி இருக்கும். என்னோடு விடுதியில் இருந்த ஒரு குடும்பம் அப்படி வந்து, இரவு முழுக்க வாந்தியும் தலைவலியுமாகக் கிடந்து, விடியும் முன் ஜீப் பிடித்து இறங்கிப் போனது. அன்று காலைதான் வானம் கண்ணாடி போலத் திறந்தது.

நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப் போனால் வண்டியிலேயே போங்கள், ஆனால் ஓர் இரவு மானேபஞ்சனிலும் ஓர் இரவு தும்லிங்கிலும் தங்கிப் போங்கள்.

முதல் நாள்: மானேபஞ்சன் – தும்லிங், 11 கி.மீ.

காலை எட்டுக்குள் கிளம்புங்கள். முதல் மூன்று கிலோமீட்டர், சித்ரே வரை, நெஞ்சு வாய்க்கு வரும். "இன்று முதல் நாள், இதுவே இப்படியா" என்று மனசு சோர்ந்தால் பயப்பட வேண்டாம். மொத்தப் பயணத்தில் மிக மோசமான ஏற்றங்களில் இதுவும் ஒன்று, முதலிலேயே முடிந்துவிடும். என் வழிகாட்டி பேசியது மிகக் குறைவு. அன்று அவர் நூறு முறை சொன்னது ஒரே வார்த்தை: "பிஸ்தாரை, பிஸ்தாரை." மெதுவா, மெதுவா. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

சித்ரேயில் புத்த மடாலயம், அதையடுத்து லாமேதுரா, பிறகு மேக்மா. மேக்மாவுக்குப் பெயர் பொருத்தம். வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். இங்கே முதல் முகாம் பரிசோதனை. இதைத் தாண்டிப் பாதை பிரியும்: இந்தியப் பக்கமாகப் போனால் டோங்லு, நேபாளப் பக்கமாகப் போனால் தும்லிங். டோங்லுவில் அரசு நடத்தும் டிரெக்கர்ஸ் ஹட் இருக்கிறது, 3,070 மீட்டர். தும்லிங் அதற்குச் சற்றுக் கீழே, குடும்பங்கள் நடத்தும் விடுதிகள். நான் தும்லிங்குக்கு ஓட்டுப் போடுவேன், காரணம் அடுப்படி.

விடுதிக்குள் நுழைந்ததும் ஒரு கிண்ணம் சூடான சோளப்பொரியும் டீயும் வரும். இந்தப் பாதை முழுக்க இதுதான் உபசாரம். அடுப்புக்கு மேலே கூரையிலிருந்து சுர்ப்பி தொங்கும்: பாலை உறைய வைத்துப் பிழிந்து, கல்லாகக் காய வைத்தது. ஒரு துண்டை வாயில் போட்டால் முக்கால் மணி நேரம் கரையாது. ஏற்றத்தில் நடக்கும்போது தொண்டை வறளாமல் காக்கும். இரவுக்குச் சோறு, பருப்பு, ஒரு கறி. கறி பெரும்பாலும் இஸ்குஸ். தட்டில் பார்த்ததும் அட, நம்ம சௌசௌ! கூடவே டல்லே மிளகாய் ஊறுகாய், உருண்டையாகக் கோலிக்குண்டு மாதிரி. காரம் சாப்பிட்டுப் பழகிய நாக்கு என்று வீரம் காட்டாமல் கால் துண்டோடு ஆரம்பியுங்கள். விடுதி நடத்தும் பெண்களை "தீதி" என்றும் வயதில் மூத்த ஆண்களை "தாஜு" என்றும் கூப்பிடுங்கள், அக்கா, அண்ணன்.

இரண்டாம் நாள்: தும்லிங் – காலிபோக்ரி, 13 கி.மீ. போல

தும்லிங் தாண்டியதும் தேசியப் பூங்காவின் வாயில், நுழைவுச் சீட்டு. அதற்குப் பிறகு ஒரு நீண்ட இறக்கம், ஜௌபாரி வழியாக கைரிபாஸ் வரை. இறங்கும்போதே வயிறு எரியும், ஏனென்றால் நேற்று சம்பாதித்த உயரத்தையெல்லாம் இழக்கிறோம், திரும்பச் சம்பாதிக்க வேண்டும். கைரிபாஸ் ஏறக்குறைய 2,620 மீட்டர். அன்றைய நாளின் ஆகத் தாழ்வான பள்ளமே நம் தொட்டபெட்டா உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கைரிபாஸிலிருந்து காயாகட்டா வரை உள்ள மூங்கில் காடுதான் சிவப்புப் பாண்டாவின் வீடு. உள்ளூரில் ஹாப்ரே. பூனையைவிடச் சற்றுப் பெரியது, செந்நிற ரோமம், வளையம் போட்ட வால். மரக்கிளையில் பாசியோடு பாசியாகச் சுருண்டு படுத்திருக்கும். தானாகத் தேடினால் கண்ணில் படாது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு விலங்குக்காட்சி சாலை இதை வளர்த்துப் பெருக்கி, 2003இல் இந்தக் காட்டிலேயே விடத் தொடங்கியது. பார்க்க வேண்டும் என்றால் கைரிபாஸிலோ காயாகட்டாவிலோ ஓர் இரவு கூடுதலாகத் தங்கி, இதற்கென்றே பழகிய உள்ளூர் ஆளோடு காலையில் காட்டுக்குள் போக வேண்டும். நான் பார்த்தது ஒரு வாலை மட்டும். வழிகாட்டி அது பாண்டாதான் என்று சத்தியம் செய்தார்.

காலிபோக்ரி என்றால் கருங்குளம். சின்னக் குளம்தான், சுற்றிலும் பிரார்த்தனைக் கொடிகள். தண்ணீர் மை போலக் கருப்பாக இருக்கும். குளிர்காலத்திலும் உறையாது என்று ஊரார் சொல்வார்கள். புனிதமான குளம், கை கால் கழுவக் கூடாது. இங்கே 3,100 மீட்டர் அளவில் தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். இந்த ஓர் இரவு உடம்புக்கு அளிக்கும் அவகாசம்.

மூன்றாம் நாள்: காலிபோக்ரி – சந்தக்பூ, 6 கி.மீ.

ஆறு கிலோமீட்டர்தானே என்று தாமதமாகக் கிளம்பாதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் சமம், பிகேபஞ்சன் வரை. பிறகு நான்கு கிலோமீட்டர், கிட்டத்தட்ட நிற்காமல் ஏற்றம். இருபது அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குவது வெட்கம் இல்லை. நேபாளியில் "பிக்" என்றால் விஷம். பிகேபஞ்சன், விஷக் கணவாய். சந்தக்பூ என்ற பெயருக்கே விஷச் செடிகளின் மேடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அந்தச் செடி வேறெதுவும் இல்லை, நம் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் வசநாவி. மழை முடிந்த நேரத்தில் தொப்பி கவிழ்த்தாற்போல் நீலப் பூ பூத்திருக்கும். தொடாமல் ரசியுங்கள்.

மதியத்துக்குள் மேலே வந்துவிடுவீர்கள். அப்போது பெரும்பாலும் மேகம்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். தங்குமிடங்கள் இரு நாட்டுப் பக்கமும் உண்டு. அறை எடுக்கும்போது ஹீட்டரைக் கேட்காதீர்கள், ரஜாய் (கனத்த பஞ்சுப் போர்வை) எத்தனை தருவார்கள் என்று கேளுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். தோங்பா (புளிக்க வைத்த கேழ்வரகு மது, மூங்கில் குவளையில் சுடுதண்ணீர் ஊற்றி உறிஞ்சுவது) இன்று வேண்டாம், கீழே இறங்கிய பிறகு.

இரவில் லேசான தலைவலி, தூக்கம் வராதது, பசியின்மை பலருக்கும் வரும். அதோடு நின்றால் ஓய்வு எடுத்தால் போதும். தலைவலி மாத்திரைக்கும் அடங்காமல் வாந்தியும் சேர்ந்தால் இறங்குங்கள். சந்தேகமாக இருந்தால் அவரை ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை பாதிக்கப்படுகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ நுரையீரலில் நீர். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விடுதிக்காரரை எழுப்பினால் வண்டி கிடைக்கும்.

விடியல்

நான்கரைக்கு எழுந்து வெளியே வந்தேன். முந்தின இரவு ஜன்னலோரம் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் பாதி பனிக்கட்டி. போன் பேட்டரி 80இலிருந்து 20க்கு இறங்கியிருந்தது. போனையும் கேமரா பேட்டரியையும் ரஜாய்க்குள் கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

வடக்கே பாருங்கள். முதலில் ஒரு சாம்பல் கோடு. பிறகு அந்தக் கோட்டின் ஒரே ஒரு புள்ளியில், அடுப்புக்கரியை ஊதினாற்போல், சிவப்பு பற்றும். அது கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர், இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சிவப்பு மெல்ல வழிந்து மற்ற முகடுகளுக்கும் பரவியதும் ஓர் உருவம் மல்லாந்து படுத்திருப்பது தெரியும். உறங்கும் புத்தர் என்கிறார்கள். இடப்பக்கம் முகம், நடுவே வயிறு கஞ்சன்ஜங்கா, வலப்பக்கம் கால்விரல்கள் பாண்டிம். முகமாக இருக்கும் மலையின் பெயர் என்ன தெரியுமா? கும்பகர்ணன்! ஜன்னு என்ற 7,710 மீட்டர் சிகரத்துக்கு நேபாளத்தில் அதுதான் பெயர். புத்தரை உறங்க வைக்க இதைவிடப் பொருத்தமான தலை கிடைத்திருக்காது.

இடப்பக்கமாக, வடமேற்கே திரும்புங்கள். தூரத்தில் ஒரு கூட்டம்: லோட்சே, எவரெஸ்ட், மகாலு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கைகாட்டுவது மகாலுவை. அதுதான் பெரிதாக, நாற்காலி போல உட்கார்ந்திருக்கும். எவரெஸ்ட் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் முக்கோணம். சுமார் 145 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் 8,848 மீட்டர் இங்கே குட்டையாகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவரைக்கும் கஞ்சன்ஜங்காதான் உலகிலேயே உயரம் என்று நம்பியதில் ஆச்சரியமில்லை, கண் அதைத்தான் சொல்கிறது. கண்ணைத் திருத்தியது கணக்கு. அந்தக் கணக்கின் தொடக்கம் நம் ஊரில்: 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோட்டில் ஆரம்பித்த நில அளவைதான், முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக வளர்ந்து இமயம் வரை வந்தது. மீனம்பாக்கம் விமானத்துக்கு அந்த மலையைக் கடந்து எத்தனை முறை போயிருப்பேன், ஒருநாளும் இது நினைவுக்கு வந்ததில்லை.

வெயில் ஏறி மலைகள் வெள்ளையாகி, பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பும். அத்தோடு அன்றைய காட்சி முடிந்தது. முதல் காலையே எல்லாம் தெரிந்துவிட்டாலும் அன்று அங்கேயே இருங்கள். சற்று வடக்கே ஆல் என்ற புல்வெளி, மெதுவாக நடந்து வர ஏற்ற இடம்.

பாலுத், 21 கி.மீ.

ஐந்தாம் நாள் இது. நேரமும் முட்டியும் இல்லாதவர்கள் இங்கிருந்தே குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு 16 கிலோமீட்டர் இறங்கிவிடலாம். மற்றவர்கள் பாலுத் போங்கள், என்னைக் கேட்டால் முழுப் பாதையிலும் சிறந்த நாள் இதுதான். ஏற்ற இறக்கம் குறைவு, வண்டிகள் அரிது, கஞ்சன்ஜங்கா எதிரே நின்றுகொண்டே கூட வரும். வெயிலும் மின்னலும் தின்ற பட்ட மரங்கள், தலைக்கு மேல் ஒன்றுமில்லாத புல்வெளி, யாக் மணிச் சத்தம். 14ஆவது கிலோமீட்டரில் சபர்கிராம், அங்கே முகாமில் பெயர் எழுத வேண்டும். வழியில் கடையை நம்பாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீரும் விடுதியில் கட்டிய ரொட்டியும் முட்டையும் காலையிலேயே பையில் இருக்கட்டும். காற்று பலமாக அடிக்கும், காதை மூடுங்கள்.

பாலுத் 3,600 மீட்டர். மேற்கு வங்கம், சிக்கிம், நேபாளம் மூன்றும் சந்திக்கும் முனை. தங்க மிகக் குறைந்த இடம்தான், அதனால் மானேபஞ்சனிலிருந்தே வழிகாட்டி மூலம் சொல்லி வையுங்கள். மறுநாள் காலை விடுதிக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால், உறங்கும் புத்தர் சந்தக்பூவில் பார்த்ததைவிட இன்னும் அருகில்.

இறக்கம்

பாலுத்திலிருந்து கோர்க்கே 15 கிலோமீட்டர். 1,200 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். குராஸ், பிறகு மூங்கில், பிறகு பாசி தொங்கும் பெருமரங்கள் என்று காடு மாறிக்கொண்டே வரும். ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், விரல் முன்னால் போய் இடிக்காது. இரண்டு கைத்தடி இருந்தால் முட்டி உங்களை வாழ்த்தும். கோர்க்கே, ஆற்றங்கரையில் இருபது முப்பது வீடுகள், சுற்றிலும் பைன் மரங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிக்கிம். தோங்பாவை இங்கே குடிக்கலாம்.

மறுநாள் சமந்தேன், ராம்மாம் வழியாக ஸ்ரீகோலா. ஏலக்காய்த் தோட்டங்களின் நடுவே நடை, பழைய தொங்குபாலம். அங்கிருந்து ரிம்பிக் என்ற ஊர் வண்டி தூரம்.

பையில் என்ன

மார்கழிச் சென்னைக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதாது. உள்ளாடையாகத் தெர்மல் ஒரு ஜோடி, நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். கம்பளிக் குல்லா, கையுறை, ஐந்து ஜோடி காலுறை, அதில் இரண்டு தூங்குவதற்கு மட்டும். பருத்திச் சட்டை வியர்வையைப் பிடித்துக்கொண்டு உறையும், தவிருங்கள். ரெயின்கோட், ஹெட்லைட், சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, பவர்பேங்க். நீங்கள் கொண்டு போகும் பிளாஸ்டிக் உறைகளை நீங்களே திருப்பி எடுத்து வர ஒரு பை. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் என் பையில் இருந்தன. ஐந்தாம் நாள் இரவு, தீதி அதில் ஒரு கரண்டி புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மறு கரண்டி கேட்டார்.

ரிம்பிக்கிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஷேர் ஜீப் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். போய்ச் சேர்ந்த மாலையே ஸ்டாண்டில் சொல்லி, முன்சீட்டைப் பிடித்து வையுங்கள். பின்சீட்டில் உங்கள் முட்டி தாங்காது. டிரைவர் ஆறு மணி என்றால் ஆறு மணிதான், இந்திய நேரம். போன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.